யாழ்தேவியும் 165 ஆம் இலக்க பஸ்வண்டியும்

ஊர் நினைவு பற்றி எம்மவர் பேசத் தொடங்கினால் வீடு, வளவு, கிணற்றடி, கோவில் வீதி என்றுதான் பேச்சு நீளும் என்று பலரும் எண்ணுவர். மொன்றியலில் புதிதாக அறிமுகமாகும் இரு தமிழர் பேசுவதைச் சற்றுக் கவனித்தால் வேறொன்று புலப்படும். "ஊரிலை நீங்கள் எவடம்?" என்பது முதற் கேள்வி. ஊரின் பெயரைச் சொன்னதும், "750 போற றோட்டுக்கு எந்தப் பக்கம்?" என்றோ, "ரெயிலிலை வந்தால் எந்த ஸ்ரேசனிலை இறங்குவியள்?" என்றோ அடுத்த கேள்வி வந்துவிடும். பிறகென்ன? அந்தத் தரிப்பிடத்தில் இருந்த தேநீர்க் கடை, கடை வாசலில் நின்ற வேம்பு, அங்கே இறங்கித் திரும்பும் ஒழுங்கையில் வாழ்ந்த யாரோ ஒரு பொதுவான உறவினர் என்று ஐந்து நிமிடத்தில் இருவரும் சொந்தக்காரராகி விடுவர். எமது ஊர்களின் தேசப்படம் பஸ்வண்டிப் பாதைகளாலும் புகையிரத நிலையங்களாலும் வரையப்பட்டிருந்தது எனலாம்.

ஆதலால் இந்த ஏக்கத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று எவரும் தள்ளிவிட வேண்டியதில்லை. வீட்டை நினைப்பவர் தம் வீட்டாரை நினைக்கிறார். பஸ்வண்டியை நினைப்பவரோ தம்மோடு நெருக்குண்டு நின்ற முகந்தெரியாத அத்தனை பேரையும் சேர்த்து நினைக்கிறார்.

எனினும் ஒரு விடயத்தை மறைத்துவிட்டு இதை எழுதுதல் முறையாகாது. கோட்-டே-நேஜிலோ பார்க் எக்ஸ்ரென்ஷனிலோ ஒரே தொடர்மாடி வீட்டில் வாழும் மூன்று தலைமுறையினர் ஒரே வண்டியை நினைப்பதில்லை. அம்மம்மாவுக்கு யாழ்தேவியும் தட்டிவானும். அப்பாவுக்குச் சைக்கிளும், கிளாலிக் கடலில் இரவில் ஓடிய படகும். மகளுக்கு வான் ஹோர்ன் வீதிப் பஸ்வண்டியும் மெற்றோவின் நீலப் பாதையும். மூவரும் 'ஊர்' என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கின்றனர். ஒருவர் சொல்வது மற்றவருக்கு எட்டுவதில்லை.

யாழ்தேவி வரும் நேரம்

வடபகுதிக்குப் புகையிரதம் வந்த வரலாறு சற்று விசித்திரமானது. 1902 ஆம் ஆண்டில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதலிற் பாதை திறக்கப்பட்டது. தெற்கிலிருந்து நீண்டுவந்த பாதை அப்போது வன்னிக் காட்டைக் கடந்து வந்து சேரவில்லை. 1905 இலேதான் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரே வண்டி ஓடியது. கொழும்புக்குப் புகையிரதத்தில் போவதற்கு முன்னரே எம் பாட்டன் பூட்டன்மார் மூன்றாண்டு காலம் குடாநாட்டுக்குள் மட்டும் அதில் ஏறி இறங்கித் திரிந்தனர்.

யாழ்தேவி என்னும் கடுகதி 1956 ஏப்ரல் 23 ஆம் நாள் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு யூன் 5 ஆம் நாள் தனிச் சிங்கள மசோதா பாராளுமன்றத்திற் சமர்ப்பிக்கப்பட்டது. காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகம் இருந்த தமிழ்த் தலைவர்களும் தொண்டர்களும் தாக்கப்பட்டனர். இரண்டுக்கும் இடையே ஆறு வாரங்கள்தாம். கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் ஒரு பகற்பொழுதுக்குள் இணைத்த வண்டியும், இரண்டையும் பிரித்த சட்டமும் ஒரே கோடைகாலத்திற் பிறந்தன. யாழ்தேவியை நினைக்கும் முதியோர் இவ்விரண்டாவது நாளை அநேகமாகச் சேர்த்துச் சொல்வதில்லை.

அந்த வண்டியிற் சென்றவர் யார்? கொழும்பிலே கந்தோர்களில் வேலைபார்த்த இலிகிதர்கள், தென்பகுதிப் பாடசாலைகளிற் கற்பித்த ஆசிரியர்கள், பல்கலைக்கழக மாணவர், பெரியாஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கப் போன நோயாளர். அரசாங்க உத்தியோகத்தருக்கு ஆண்டுதோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான புகையிரத வாறண்டுகள் கிடைக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு ஒன்று, பொங்கலுக்கு அல்லது வருடப்பிறப்புக்கு ஒன்று என்று வீட்டிலே கணக்குப் போட்டுச் சேர்த்து வைப்பார்கள். வெள்ளிக்கிழமை இரவுத் தபால் வண்டியில் இடம்பிடிப்பதற்குக் கோட்டை நிலையத்தில் நடந்த போராட்டத்தைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். யன்னலால் துவாயை எறிந்து ஆசனத்தைப் பதிவுசெய்யும் வழக்கத்துக்கு எந்தச் சட்டமும் இருக்கவில்லை. எல்லோரும் அதை மதித்தார்கள்.

கொழும்புக்குப் போகும் பெட்டிகளில் முருங்கைக்காய்க் கட்டும், கறுத்தக்கொழும்பான் மாம்பழக் கூடையும், ஒடியலும் பினாட்டும் இருக்கும். திரும்பி வரும்போது பிள்ளைகளுக்குப் பிஸ்கற் தகரமும் கொழும்பு உடுப்பும் வரும். வழியிலே பொல்காவலையிலும் மாகோவிலும் அநுராதபுரத்திலும் சிங்கள வியாபாரிகள் "வடே, வடே" என்று கூவிக்கொண்டு யன்னலோரம் ஓடிவருவர். அவர்களிடம் தம்பிலி வாங்கிக் குடித்து, தெரிந்த நான்கு சிங்களச் சொற்களால் விலைபேசிய நினைவு எம்மவர் பலருக்கு உண்டு. அந்த வியாபாரிகளும் எமது பயணத்தின் ஒரு பகுதியே.

வவுனியா கழிந்தால் காடு. ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் எனப் பெயர்ப்பலகைகள் கடந்து போகும். ஆனையிறவு வந்ததும் உறங்கிக் கிடந்த பிள்ளைகளையும் தட்டி எழுப்புவார்கள். இருபுறமும் கடல்நீரேரி, உப்பளத்திலே வெண்ணிறக் குவியல்கள், யன்னலால் உட்புகும் காற்றிலே உவர் மணம். அதற்கப்பால் பனைகள் தொடங்கும். முதற்பனையைக் கண்டவுடன் பெட்டிக்குள் பேச்சின் தொனி மாறும். சப்பாத்தைக் கழற்றியிருந்தவர்கள் அதை மாட்டத் தொடங்குவார்கள். யாழ்ப்பாணத்துக்கு இன்னும் முப்பது மைல்வரை இருக்கும். ஆயினும் வந்துவிட்டோம் என்ற நினைப்பு அங்கேதான்.

'அண்ணை றைற்'

இலங்கைப் போக்குவரத்துச் சபை 1958 சனவரி முதலாம் நாள் உருவாயிற்று. அதற்கு முன்னர் பஸ்வண்டிகளைத் தனியார் கம்பனிகளே ஓட்டின. இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட்டு மேலே செல்வோம். அக்காலத்து யாழ்ப்பாணத்தில், காசு கொடுத்துச் சீட்டு வாங்கியும், தாழ்த்தப்பட்ட மக்கள் ஆசனத்தில் அமர அனுமதிக்கப்படாத நிலை இருந்தது. பாடசாலையிற் சம ஆசனம் வேண்டிப் போராடியவர்கள் பஸ்வண்டியிலும் அதைக் கேட்டே பெறவேண்டியிருந்தது. பழைய பஸ்வண்டிகளைப் பற்றி இனிக்க இனிக்கப் பேசும் சபையில் ஒரு முதியவர் வாய்திறவாமல் இருந்தால் அதற்கும் காரணம் இருக்கக்கூடும்.

யாழ் நகரத்துப் பஸ்நிலையத்தை அறியாதார் எம்மில் உண்டோ? வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, காரைநகர், காங்கேசன்துறை என்று பலகை மாட்டிய சிவப்பு வண்டிகள் வரிசையாக நிற்கும். பக்கத்திலே சந்தை, சற்றுத் தள்ளிப் பெரியாஸ்பத்திரி, எதிரே பூபாலசிங்கம் புத்தகசாலை. வண்டி புறப்படும்வரை அங்கே நின்று புத்தகங்களைப் புரட்டிப் படித்து அறிவு பெற்றவர் தொகை பெரிது. 1981 இல் நூல் நிலையத்தை எரித்த நாட்களில் அப்புத்தகசாலையும் தீக்கிரையாயிற்று.

பஸ்வண்டியின் அரசன் சாரதி அல்லன், நடத்துனரே. அவருக்குப் பாதையிலுள்ள ஒவ்வொரு படலையும் தெரியும். ஆசிரியை ஒருவர் தரிப்பிடத்துக்கு ஓடிவருவதைக் கண்டால் மணியடிக்கும் கயிற்றிலிருந்து கையை எடுத்துவிடுவார். பள்ளிக்கூடம் போகாமல் பட்டினத்துக்குப் போகும் பையனைக் கண்டால் மாலையில் தகப்பனிடம் சொல்லியும் விடுவார். நகரத்தில் வாங்கிய மருந்துப் போத்தலை அவர் கையிற் கொடுத்து, "சந்தியிலை எங்கடை பெடியன் நிற்பான்" என்றால் அது தவறாமற் போய்ச் சேரும். அதற்குக் கூலி இல்லை.

இந்த நடத்துனரை மேடையேற்றியவர் கலைஞர் கே. எஸ். பாலச்சந்திரன். அவருடைய 'அண்ணை றைற்' என்னும் தனிநடிப்பைக் கேட்டுச் சிரியாத ஈழத்தமிழர் குறைவு. பின்னாளிற் கனடாவுக்கு வந்து வாழ்ந்து 2014 இல் இங்கேயே காலமானார். ஒலிநாடாவிலே அதைக் கேட்ட எம் பிள்ளைகள், "இதிலை சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்டதுண்டு. பயணியை ஏசுவதும், நகைச்சுவை பேசுவதும், உள்ளே தள்ளுவதுமான ஒரு நடத்துனரை அவர்கள் கண்டதில்லை. மொன்றியல் பஸ்வண்டியில் நடத்துனரே இல்லை.

தட்டிவானையும் விட்டுவிட முடியாது. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிய அந்த மரக்கூட்டு வண்டிகளின் பின்புறத் தட்டியைத் திறந்து சங்கிலியிற் தொங்கவிட்டால் அதன்மீது தேங்காய்ச் சாக்கு, வாழைக்குலை, மீன்கடகம் எல்லாம் ஏறும். அவற்றுக்குமேல் ஆட்களும் ஏறுவர். உள்ளே எதிரெதிராகப் பலகை வாங்குகள். ஒருவர் முழங்கால் மற்றவர் முழங்காலில் முட்டாமல் இருக்க வழியில்லை. எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு வரையறை கிடையாது. சந்தைக்குப் போகும் பெண்கள் அவ்வண்டியில் விலைநிலவரம் முழுவதையும் பேசி முடித்துவிடுவர். வசதியான பயணம் என்று இதனை எவரும் சொல்லார். மணிக்கணக்கிற் காத்திருந்தும் வராத இ.போ.ச. வண்டிகளையும், மிதிபலகையிலே தொங்கியபடி பரீட்சைக்குப் போன நாட்களையும் மறந்துவிட்டு, அப்போது எல்லாமே நன்றாயிருந்தது என்று சொல்வோரோடு நாம் உடன்படவில்லை.

சீட்டு இருந்தும் போகமுடியாத காலம்

1977 ஆவணியில் அநுராதபுரம் புகையிரத நிலையத்திலே தமிழ்ப் பயணிகள் தாக்கப்பட்டனர். அதற்குப் பின்னர் யாழ்தேவியில் ஏறிய குடும்பங்கள் அந்த நிலையம் வரும்போது யன்னற் கதவை இறக்கிவிடப் பழகிக்கொண்டன. பொட்டை அழித்துவிட்டுப் பயணம் செய்த தாய்மார் உண்டு. 1983 யூலையிற் கொழும்பிலிருந்து அகதிகளாய் வந்தவர்களுக்குத் தரைப்பாதை பாதுகாப்பில்லை என்றாயிற்று. கப்பலிலே காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்து இறக்கப்பட்டனர். 1985 சனவரி 19 ஆம் நாள் முறிகண்டியில் யாழ்தேவி குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. விடுதலைப் புலிகள் நடத்திய அத்தாக்குதலில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விடுமுறையிற் சென்றுவந்த படையினரோடு பொதுமக்களும் அதில் அடங்குவர். அதே ஆண்டு மே 15 ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலிற் கடற்படையினர் மறித்து, குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோரை வெட்டிக் கொன்றனர். அந்தப் படகு பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் அதே கடலில் ஓடியது. தீவாருக்கு வேறு வழி இருக்கவில்லை. உறவினர் மாண்ட பலகையின் மீதே அமர்ந்து போய்வந்தனர்.

தெற்கிலும் பஸ்நிலையங்களிலும் புகையிரதங்களிலும் சாதாரண மக்கள் செத்தார்கள். 1996 யூலையிற் தெகிவளையில் வேலை முடிந்து வீடு திரும்பியோர் நிறைந்த வண்டியிற் குண்டுகள் வெடித்தன. சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக ஏறியவர் எந்த மொழி பேசினாலும் அவர் பயணியே.

1990 யூன் 13 ஆம் நாளோடு யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் நின்றுபோயிற்று. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்கு குழிகளுக்கு மேற்கூரையாயின. எரிபொருளுக்குத் தடை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு இயக்கி, இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தையை அன்று சிறுபையன்களும் அறிந்திருந்தனர். பின்னால் எழும் வெண்புகையில் தெருவே மறையும். மற்றையோருக்கெல்லாம் சைக்கிள். நோயாளியும் சைக்கிளிலே, விறகும் சைக்கிளிலே, மணப்பெண்ணும் சைக்கிளிலே. இரவிலே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். வெளியே செல்வதற்குக் கிளாலியில் இருந்து இருளிலே படகேறிப் பூநகரிக் கரையை அடையவேண்டும். அந்தக் கடலிற் கடற்படையின் தாக்குதலுக்கு 1993 இற் பலர் பலியாயினர். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தின் வழியே இலட்சக்கணக்கில் வெளியேறியபோது, ஏற வண்டியே இல்லை. மழையிலே, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒருவர் முதுகை ஒருவர் முட்டி நடந்தோம்.

இதையே எமது நடுத்தர வயதினர் போக்குவரத்து என்று நினைக்கின்றனர். யாழ்தேவியைப் பற்றி அம்மம்மா சொல்லும்போது மருமகன் எழுந்து அப்பாற் போய்விடுகிறாரே என்று வருந்துவோர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

புகையிரதம் பார்த்திராத வகுப்பு

நாம் யாழ்ப்பாணத்திற் கற்பித்த காலத்தில் நிகழ்ந்த ஒன்றை இவ்விடத்திற் குறிப்பிடுதல் பொருந்தும். நான்காம் வகுப்புக்கு 'ஒரு புகையிரதப் பயணம்' என்று கட்டுரை எழுதக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அவ்வாறு கொடுத்தபோது பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தனர். அந்த வகுப்பில் ஒருவரும் புகையிரதத்தைக் கண்டதில்லை. பாடசாலைக்கு வரும் வழியிலே தண்டவாளம் இருந்த மேட்டை நாள்தோறும் கடந்துதான் வந்தார்கள். அம்மேடு எதற்காக அங்கே இருக்கிறது என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. ஆனையைப் பாடப்புத்தகத்தில் அறிவதுபோலப் புகையிரதத்தையும் படத்தில் மட்டுமே அறிந்திருந்தனர். ஒரு மாணவி தன் தாத்தாவிடம் கேட்டு மறுநாள் எழுதி வந்தாள். கட்டுரையில் எல்லாம் சரியாக இருந்தது. சக்கரம் மட்டும் பஸ்வண்டிச் சக்கரம். காற்றுப் போனால் என்ன செய்வார்கள் என்ற கவலையையும் கடைசி வரியில் எழுதியிருந்தாள். அன்று சிரித்தோம். பின்னர் மொன்றியல் மெற்றோவைக் கண்டபோது அவளை நினைத்துக்கொண்டோம். இங்கே ஓடும் வண்டிகளுக்கு இறப்பர்ச் சக்கரந்தான்.

யன்னலுக்கு வெளியே எதுவுமில்லை

எம்மவருட் பலர் இந்நகருக்கு வந்து இறங்கியது மிராபல் விமான நிலையத்தில். 1975 இல் திறக்கப்பட்ட அந்நிலையத்துக்கு நகரிலிருந்து விரைவுப் புகையிரதம் விடுவதாகத் திட்டமிட்டிருந்தனர், அது போடப்படவேயில்லை. 1997 இற் பன்னாட்டு விமானங்கள் டோர்வலுக்குத் திரும்பும்வரை, கனடாவில் எம் முதற்பயணம் மிராபலிலிருந்து வயல்வெளிகளினூடாக நகருக்கு வந்த அந்த நீண்ட வீதிப் பயணமே. அதற்கும் மோசமான வழியிற் வந்தோரும் உளர். 1986 ஓகஸ்ற் மாதத்தில் நியூபவுண்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர் காப்பாற்றினர். அவர்களிற் பலர் பின்னர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து சேர்ந்தனர்.

மெற்றோ 1966 ஒக்ரோபர் 14 ஆம் நாள் திறக்கப்பட்டது. பாதை முழுவதும் நிலத்துக்கு அடியிலேதான். பனியிலே இறப்பர்ச் சக்கரம் ஓடாது என்பது அதற்கு ஒரு காரணம். ஆகவே யன்னலுக்கு வெளியே பார்ப்பதற்கு எதுவும் இல்லை. யன்னலோரத்து ஆசனத்துக்காகத் துவாய் எறிந்து பழகிய எம் முதியோர் இங்கே யன்னலிற் பார்த்தால் தம் முகமே தெரிகிறது. ஒரு தாயார் சொன்னார்: "பிள்ளை, இதிலை ஏறினால் போற மாதிரித் தெரியேல்லை. இருந்த இடத்திலை இருந்து ஆடிப்போட்டு வேறை இடத்திலை இறங்கிற மாதிரி."

ஆயினும் இந்த மெற்றோவே எமது சமூகத்தை ஒன்றாக்கியது. 1988 இல் நீலப் பாதை ஸ்னோடன் வரை நீண்டபோது கோட்-டே-நேஜில் குடியிருந்த தமிழரும் பார்க் எக்ஸ்ரென்ஷனிற் குடியிருந்த தமிழரும் ஒரே பாதைக்கு வந்துவிட்டனர். உடுக்கும் உடுப்பின் மேலே இன்னும் நான்கு உடுப்புகளைப் போட்டுக்கொண்டு பனியில் நடக்கவேண்டிய தூரம், மலையைச் சுற்றி இருபது நிமிடத்துக்கும் குறைந்ததாயிற்று. சபனெல் வீதித் தையல் தொழிற்சாலைகளுக்குப் போனவர்களும், உணவகங்களிற் கோப்பை கழுவிவிட்டு இரவு கடைசி வண்டியிற் திரும்பியவர்களும் ஒருவரை ஒருவர் கண்டு தலையசைத்தது இந்தப் பெட்டிகளில்தான். பார்க் நிலையத்தில் ஏறிவரும்போது பக்கத்திலே 1931 ஆம் ஆண்டிற் கட்டிய பழைய புகையிரத நிலையத்தின் கட்டடம் நிற்கிறது. அதன் முன்னால் நின்று எம் முதியவர்கள் சிலர் ஏனோ நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பர்.

மெற்றோவுக்கும் பஸ்வண்டிக்கும் ஒரே கட்டணம் என்பது வந்த புதிதிற் பெரும் வியப்பாயிருந்தது. அந்த மாற்றுச் சீட்டைத் தொலைத்துவிடாமல் கைக்குட்டையில் முடிந்துவைத்த அம்மாமார் உளர். 2008 இல் ஓப்புஸ் அட்டை வந்தபின் அந்தக் கடதாசிச் சீட்டு மறைந்தது. பாதைகளுக்கு அவர்கள் இட்ட பெயர்கள் மட்டும் மறையவில்லை. 165 என்பது 'சூசையப்பர் கோவில் பஸ்'. கோட்-சென்-கத்தரின் நிலையம் 'யூத ஆஸ்பத்திரி ஸ்ரேசன்'. பேரப்பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலையிற் படித்து நிலையத்தின் பெயரை மூக்கால் அழகாக உச்சரிக்க, அம்மம்மாவும் பேரனும் ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் சொல்லிப் போகின்றனர்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இங்கே பஸ்வண்டியை மறித்து எம்மை இறக்கி, அடையாள அட்டையைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி வரிசையில் நடக்கவைப்பார் இல்லை. வந்த புதிதிற் பலர் பஸ்வண்டி எதிர்பாராமல் நின்றதும் சட்டைப் பைக்குள் அட்டையைத் தேடினர். எவரும் எம்மை அறியாத நகரம் என்று குறைப்படுகிறோம். எவரும் எம்மைத் தேடாத நகரம் என்பதையும் அதே ஆசனத்தில் இருந்துதான் அறிந்துகொண்டோம். ஆயினும் முதியோரின் தனிமை பொய்யல்ல. தை மாதக் குளிரில், மொழி தெரியாத நடுக்கத்தில், யாரும் அழைத்துப் போகாவிட்டால் மாதக்கணக்கில் வெளியே இறங்காத எம் தாய்மார் எத்தனை பேர்! ஊரிலே எழுத்தறியாதவரும் தனியே பஸ்ஸேறிச் செல்வச்சந்நிதிக்குப் போய்வந்தார். நடத்துனர் இறக்கிவிடுவார் என்ற நம்பிக்கை இருந்தது.

இங்கே வளர்ந்த பிள்ளைகளின் ஏக்கம் வேறு. மெற்றோவிலே 1976 முதல் ஓடிய ஒரு வகை வண்டி புறப்படும்போது மூன்று சுரங்கள் ஏறுவரிசையில் எழும். மின்சாரத்தைப் படிப்படியாக மோட்டாருக்கு விடும் கருவியின் ஒலி அது. 2016 இல் வந்த புதிய வண்டிகளிற் கதவு மூடுமுன் அதே மூன்று சுரங்களை வேண்டுமென்றே ஒலிக்கச் செய்தனர். நகரத்தார் அதற்கு அவ்வளவு பழகியிருந்தார்கள். வேலையின்பொருட்டு ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்த எம் மாணவி ஒருத்தி, அங்குள்ள சுரங்க ரயிலில் ஏறும்போதெல்லாம் அந்த மூன்று சுரங்களுக்காகக் காது காத்திருக்கிறது என்று எழுதியிருந்தாள். யாழ்தேவியின் ஊதல் ஒலியைச் சொல்லிக் கண்கலங்கும் தாயார் இதைக் கேட்டுச் சிரித்தாராம். சிரித்திருக்க வேண்டியதில்லை என்பது எமது எண்ணம்.

மீண்டும் வந்த வண்டி

போர் 2009 இல் முடிந்தபின் இந்தியக் கடனுதவியுடன் பாதை மீண்டும் இடப்பட்டது. 2013 செப்ரெம்பரிற் கிளிநொச்சி, 2014 மார்ச்சிற் பளை, 2014 ஒக்ரோபர் 13 ஆம் நாள் யாழ்ப்பாணம், 2015 சனவரி 2 ஆம் நாள் காங்கேசன்துறை என யாழ்தேவி படிப்படியாக வந்து சேர்ந்தது. இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் யாழ்ப்பாண நிலையத்துக்குள் வண்டி நுழைந்ததை மொன்றியலில் இருந்து ஒளிப்படக் காட்சியிற் பார்த்து அழுதவர்களை நாம் அறிவோம். காங்கேசன்துறை நிலையம் திறக்கப்பட்டபோதோ, அதைச் சூழ்ந்த கிராமங்கள் பலவற்றின் மக்கள் 1990 இல் விட்டுச்சென்ற காணிகளுக்குத் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. வண்டி போயிற்று, இறங்குவதற்கு உரியவர்கள் முகாம்களில் இருந்தனர்.

எமது நண்பர் ஒருவர் 2016 இல் ஊருக்குப் போனார். யாழ்தேவியில் யாழ்ப்பாணம்வரை போய், பஸ்நிலையத்தில் இருந்து ஊர்ப் பஸ்வண்டியில் ஏறினார். நடத்துனர் இருபது வயதுப் பையன். இறங்குமிடம் எது என்று கேட்டான். ஒரு தேநீர்க் கடைக்காரரின் பெயரைச் சொல்லி, அவருடைய கடையடி என்றார் நண்பர். "அப்பிடி ஒரு இடம் இல்லை ஐயா" என்றான் பையன். பின்னால் நின்றவர்களும் அறியவில்லை. ஒழுங்கையின் பெயர் நண்பருக்கு நினைவில் இல்லை. அவர் வாழ்ந்த காலத்தில் அந்தக் கடையே ஒழுங்கைக்குப் பெயராக இருந்தது. முன்னாசனத்தில் மரக்கறிக் கடகத்தை மடியில் வைத்திருந்த வயோதிப மாது ஒருவர் திரும்பிப் பார்த்தார். "இப்ப ரெலிபோன் கோபுரம் நிக்கிற இடம்தான் தம்பி. அவரை அதிலை இறக்கிவிடு" என்று நடத்துனரிடம் சொல்லிவிட்டு, நண்பரைப் பார்த்து, "ஒழுங்கைக்குள்ளை மூண்டாவது வீடுதானே உங்கடை?" என்று கேட்டார். ஆம் என்றார் நண்பர். கோபுரத்தடி வந்துவிட்டது. அவர் இறங்கித் திரும்பி, அந்த அம்மா யாரென்று கேட்பதற்குள் பையன் மணியை அடித்துவிட்டான்.